காற்றுவெளியில் முக்காலி: கடலோரப் பறவைகளைப் படம்பிடிப்போருக்கு ஒரு திறந்த மடல்

கோடியக்கரை, வேதாரண்யம், தனுஷ்கோடி, பழவேற்காடு முதலிய கடலோரச் சதுப்புகளிலும் உப்பளங்களிலும் வலசைப் பறவைகளை வீடியோவில் பதிவுசெய்துவரும் இளம் ஒளிப்பதிவாளர்களுக்கு எழுதும் மடல் இது.

படப்பிடிப்புத் தளங்களில் டிரைபாட் என்று வழங்கும் முக்காலி, காற்று வீசும் திறந்தவெளியில் அசையாமல் நிற்பதற்குச் செய்யவேண்டியவை பற்றியதே இம்மடல். கேமரா, லென்ஸ், படத்தொகுப்பு மென்பொருள் ஆகியவற்றைக் குறித்து இத்துறையில் ஓயாமல் பேசப்படுகிறது. முக்காலியைக் குறித்த பேச்சோ, கடைக்குப் போய் வாங்கும்போது தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகிறது. ஆனால் தொலைவில் நிற்கும் ஒரு கொசு உள்ளானின் காலில் பூட்டப்பட்ட வளையத்தின் எழுத்தைப் படிக்க முடியுமா முடியாதா என்பதைத் தீர்மானிப்பது, பல வேளைகளில், கேமராவின் விலையன்று. அதைத் தாங்கும் மூன்று கால்கள் காற்றுக்கு எப்படி ஈடுகொடுத்தன என்பதே.

1967-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2002-இல் ராம்சர் உடன்படிக்கையின் கீழ் உலக முக்கியத்துவம் வாய்ந்த சதுப்பு நிலமாக ஏற்கப்பட்ட கோடியக்கரையில், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் நெடுங்காலமாகப் பறவைகளுக்குக் கால்வளையம் பூட்டி அவற்றின் வலசைப் பாதைகளை ஆய்ந்துவருகிறது. வளையமிட்ட பறவை ஒன்றை மீண்டும் பிடிக்காமலேயே, அதன் காலிலுள்ள குறியீட்டைத் தொலைவிலிருந்து படித்துவிட முடிந்தால், அந்தப் பறவை எங்கிருந்து வந்தது, எத்தனை ஆண்டுகளாக வாழ்ந்துவருகிறது என்பன போன்ற செய்திகள் ஆய்வுக்குக் கிடைக்கின்றன. ஆகவே நிலையாக எடுக்கப்பட்ட சில நொடிக் காட்சி, அழகுக்காக மட்டும் பாதுகாக்கப்படுவதில்லை; அது ஆவணமாகவும் ஆகிறது. காட்சி நடுங்குகிறது என்பதற்காகப் பறவையை நெருங்கிச் செல்வதும் தீர்வாகாது. நெடும்பயணத்துக்கு வேண்டிய கொழுப்பை உடலில் சேர்த்துக்கொள்ள இரை தேடிக்கொண்டிருக்கும் பறவைகளை ஒவ்வொரு முறை எழுப்பிப் பறக்கவிடுவதும் அவற்றுக்கு இழப்பு. தொலைவில் நின்றே எடுக்கவேண்டும் என்றால் நீண்ட குவியத்தொலைவு கொண்ட டெலி லென்ஸ் வேண்டும். அத்தகைய லென்ஸ் பறவையைப் பெரிதாக்கிக் காட்டும் அதே அளவுக்கு நடுக்கத்தையும் பெரிதாக்கிக் காட்டும்.

இந்தப் பெருக்கம் எவ்வளவு என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்பது பயனுள்ளது. 36 மில்லிமீட்டர் அகலமுள்ள முழுச்சட்ட உணரியில், 3840 படப்புள்ளிகள் அகலம்கொண்ட 4கே காட்சி பதிவாகும்போது, கேமரா ஒரு பாகையில் நூறில் ஒரு பங்கு மட்டும் திரும்பினாலும், 600 மில்லிமீட்டர் லென்ஸில் பிம்பம் ஏறத்தாழ 11 படப்புள்ளிகள் இடம்பெயர்கிறது. அதே அசைவு 24 மில்லிமீட்டர் அகலக்கோண லென்ஸில் அரைப் படப்புள்ளிக்கும் குறைவாகவே தெரியும். நிலக்காட்சிகளுக்குப் போதுமானதாக இருந்த முக்காலி பறவைக்குப் போதாமல் போவதன் காரணம் இதுதான்.

காற்றின் அழுத்தம் அதன் வேகத்தோடு நேராக உயர்வதில்லை. வேகத்தின் இருமடியாக, அதாவது வேகத்தை அதே வேகத்தால் பெருக்கிய அளவில், உயர்கிறது. நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் வீசும் காற்று ஒரு சதுர மீட்டர் பரப்பின்மேல் சுமார் 15 நியூட்டன் விசையைச் செலுத்தும் என்றால், 10 மீட்டர் வேகத்தில் அது 60 நியூட்டனாகவும், 15 மீட்டர் வேகத்தில் 135 நியூட்டனாகவும் ஆகிவிடுகிறது. நடுக்கத்தை உண்டாக்குவது சீராக வீசும் காற்றைவிட, விட்டுவிட்டு வீசும் காற்றடியே என்பதையும் இங்கே நினைவில் கொள்ளவேண்டும். சீரான அழுத்தத்துக்கு முக்காலி சற்றே வளைந்து அந்நிலையிலேயே நின்றுவிடும், ஏறி இறங்கும் அழுத்தத்துக்கோ அது மீண்டும் மீண்டும் வளைந்து நிமிரும். இதற்கு மேலும் ஒரு நுட்பமான காரணம் உண்டு. உருளை வடிவப் பொருள் ஒன்றைக் கடக்கும் காற்று, அதன் பின்புறத்தில் இடமும் வலமுமாக மாறிமாறிச் சுழிப்புகளை உதிர்த்துச் செல்கிறது. காற்றில் இசைக்கும் கம்பிகளை ஆராய்ந்த செக் இயற்பியலாளர் வின்சென்ஸ் ஸ்ட்ரூஹால் 1878-இல் கண்டறிந்த விதியின்படி, அந்தச் சுழிப்புகளின் அதிர்வெண் காற்றின் வேகத்தை உருளையின் விட்டத்தால் வகுத்து, அதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை எடுத்தால் கிடைக்கும். 16 சென்டிமீட்டர் விட்டமுள்ள பெரிய டெலி லென்ஸின்மேல் நொடிக்கு 8 மீட்டர் வேகத்தில் காற்று குறுக்கே வீசினால், நொடிக்குப் பத்து முறை லென்ஸ் இப்படியும் அப்படியும் தள்ளப்படுகிறது. ஒவ்வொரு பொருளுக்கும் தட்டிவிட்டால் தானாக அதிரும் இயல்பதிர்வெண் ஒன்று உண்டு. கனமான லென்ஸ் ஏறிய முக்காலியின் இயல்பதிர்வெண் இந்த எண்ணுக்கு அருகில் அமைந்துவிட்டால், சிறிய தள்ளல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து ஒத்ததிர்வு என்னும் பெருநடுக்கமாகின்றன.

இவற்றையெல்லாம் வைத்துப் பார்க்கும்போது, முக்காலியின் நிலைப்பு அதன் எடையைப் பொறுத்தது என்று பரவலாக நிலவும் கருத்து பாதி உண்மையே. எடை, முக்காலி சாயாமலும் கால் நழுவாமலும் காக்கும். நடுக்கத்தைக் குறைப்பது விறைப்பு, அதாவது வளைக்க முயலும் விசைக்குப் பொருள் காட்டும் எதிர்ப்பு. அவ்விரண்டுக்கும் முன்னதாக முடிவுசெய்யப்பட வேண்டியது, காற்றுக்கும் பறவைக்கும் இடையில் ஒளிப்பதிவாளர் எங்கே நிற்கிறார் என்பது. கேமராவைப் பையிலிருந்து எடுப்பதற்கு முன்பே பாதி வேலை முடிந்துவிடுகிறது, அல்லது கெட்டுவிடுகிறது.

நீரோரத்தில் ஓய்வெடுக்கும் உள்ளான்களும் ஆலாக்களும் பெரும்பாலும் காற்றை எதிர்நோக்கியே நிற்கும். இறகு கலையாமல் இருக்கவும், எழும்போது எளிதாக மேலெழவும் அந்த நிலை அவற்றுக்கு உதவுகிறது. ஆகவே காற்றைத் தம் முதுகுக்குப் பின்னால் வைத்துப் பறவைகளை நோக்கி அமரும் ஒளிப்பதிவாளருக்குப் பறவைகளின் முகம் கிடைக்கிறது. அவை பறக்கும்போது அவரை நோக்கி எழுகின்றன. அவருடைய உடலே கேமராவுக்கு மறைப்பாகிறது. லென்ஸ் தன் நீளவாட்டில் காற்றை எதிர்கொள்கிறது. கடைசியாகச் சொன்னது சிறிய ஆதாயமன்று. வெயில்மறைப்பு மாட்டிய 600 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்று பக்கவாட்டில் காட்டும் பரப்பு, முன்பின்னாகக் காட்டும் பரப்பைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு. ஒளி எப்போதும் இந்த ஏற்பாட்டுக்கு ஒத்துவராது என்பது உண்மையே. கோடியக்கரையில் வலசைப் பறவைகள் மிகுந்திருக்கும் மாதங்களில் வடகிழக்குப் பருவக்காற்று வீசுவதால், காலை வெயிலும் காற்றும் அநேகமாக ஒரே பக்கத்திலிருந்து வருவது அங்கே படமெடுப்போருக்கு வாய்த்த நற்பேறு.

அடுத்தது கால்களின் திசை. மூன்று பாதங்களையும் கோடுகளால் இணைத்தால் ஒரு முக்கோணம் கிடைக்கும். முக்காலி சாய்வது ஒரு பாதத்தின் மேலாக அன்று, இரு பாதங்களை இணைக்கும் அந்தக் கோட்டின் மேலாகவே. சமபக்க முக்கோணத்தில் மையத்திலிருந்து பாதம்வரை உள்ள தொலைவில் சரிபாதிதான் மையத்திலிருந்து பக்கக்கோடுவரை உள்ள தொலைவு என்பதால், காற்று ஒரு காலை நோக்கித் தள்ளும்படி முக்காலியை வைத்தால், இரு கால்களின் இடைவெளியை நோக்கித் தள்ளும்படி வைப்பதைக் காட்டிலும் இருமடங்கு விசையை அது தாங்கும். ஒன்றரை மீட்டர் உயரத்தில், மொத்தம் 6 கிலோ எடையுடன், காற்றுக்குச் சுமார் 0.1 சதுர மீட்டர் பரப்பைக் காட்டி நிற்கும் ஒரு முக்காலியை எடுத்துக்கொண்டால், இடைவெளியை நோக்கி வீசும் காற்று மணிக்கு 50 கிலோமீட்டரைச் சற்றுத் தாண்டும்போதே அது கவிழக்கூடும். காலை நோக்கி வீசினால் 75 கிலோமீட்டரை நெருங்கும்வரை நிற்கும். முன்பாரம் மிகுந்த டெலி லென்ஸுக்குக் கீழே, அது நோக்கும் திசையிலேயே ஒரு கால் இருக்கவேண்டும் என்பது ஒளிப்பதிவாளர்கள் ஏற்கெனவே அறிந்த வழக்கம்; காற்றை முதுகில் வைத்து அமர்ந்தால் அந்தக் காலே காற்றொதுங்கு திசைக் காலாகவும் அமைந்துவிடுகிறது. காற்று பக்கவாட்டிலிருந்து வருவதைத் தவிர்க்க முடியாதபோது, காற்று தள்ளும் திசைக்கு ஒரு காலைக் கொடுத்துவிட்டு, லென்ஸின் முன்பாரத்தை, முக்காலித் தலையிலுள்ள தட்டின்மேல் கேமராவை முன்பின் நகர்த்திச் சமன்செய்வதே பாதுகாப்பானது.

உயரத்தைக் குறித்து இம்மடலுக்குத் தயக்கமே இல்லை: நின்றுகொண்டு படமெடுக்கும் வசதியைக் காற்றுநாளில் கைவிட்டுவிடவேண்டும். தரையை ஒட்டிய காற்று உராய்வினால் வேகம் குறைந்தது. உயரம் குறையக் குறையக் கவிழ்க்கும் நெம்புகோலும் குறுகும். எல்லாவற்றுக்கும் மேலாக, கால்களின் மெல்லிய கீழ்ப்பகுதிகளை இழுக்காமலேயே விடலாம். முக்காலியின் கால் ஒன்றினுள் ஒன்றாகச் செருகப்பட்ட குழாய்களால் ஆனது. ஒரே தடிமன் கொண்ட சுவருடைய குழாய்களில் விறைப்பு விட்டத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறுவதால், 28 மில்லிமீட்டர் மேற்குழாயை அடுத்தடுத்துத் தொடர்ந்து வரும் 20 மில்லிமீட்டர் கீழ்க்குழாயின் விறைப்பு அதில் மூன்றில் ஒரு பங்கைச் சற்றே மீறும் அளவுதான். ஆகவே இழுக்க வேண்டியிருந்தால் தடித்த மேற்பகுதியை முதலில் இழுக்கவேண்டும். மெல்லிய அடிப்பகுதி கடைசிவரை உள்ளேயே இருக்கட்டும். நடுத்தண்டை உயர்த்துவது, மூன்று கால்களின் மேல் ஒற்றைக்காலை நட்டுவைப்பதற்குச் சமம். காற்றில் அதற்கு இடமில்லை. சேற்றிலோ மணலிலோ அமர்ந்து, கண்ணைப் பறவையின் மட்டத்துக்குத் தாழ்த்தி எடுக்கும் காட்சி நின்று எடுக்கும் காட்சியைவிட உயிரோட்டமாக அமையும் என்பது கூடுதல் பயன்.

எடை கூட்டுவதற்கு நடுத்தண்டின் கொக்கியில் பையைத் தொங்கவிடும் வழக்கம் எங்கும் உண்டு. தொங்கும் பை காற்றில் ஊசலாடும். ஊசலாட்டம் முக்காலியையும் ஆட்டும். பை அகலமாக இருந்தால் அதுவே பாயாகிக் காற்றைப் பிடிக்கும். பையின் அடிப்பகுதி தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும்படி கயிற்றின் நீளத்தை அமைத்தால் ஊசல் நின்றுவிடும். அதைவிட நல்லது, சிறு மணல்மூட்டைகளை மூன்று பாதங்களின் மேலும் வைப்பது, அல்லது தரையில் ஆழமாக முளை அடித்து, கொக்கியிலிருந்து அதற்குக் கயிற்றை விறைப்பாக இழுத்துக் கட்டுவது. உலர்ந்த மணலில் முளை பிடிக்காது. அங்கே மணல் நிரப்பிய சாக்கு ஒன்றை ஒரு முழ ஆழத்தில் புதைத்து, அதில் கட்டிய கயிற்றை மேலே கொண்டுவந்து கொக்கியில் முறுக்கிக் கட்டினால், அந்தக் கட்டு முக்காலியைத் தரையோடு பிணைத்துவிடும். கடற்கரைக்குச் செல்பவர் வெற்றுச்சாக்கை மட்டும் எடுத்துச் சென்றால் போதும். மணல் அங்கேயே இருக்கிறது.

தரையும் கவனிக்கப்பட வேண்டும். மேலே வெயிலில் காய்ந்து பொருக்குத் தட்டிய வேதாரண்யச் சதுப்பின் சேறு, கீழே இளகியே இருக்கும். கூர்முனைப் பாதம் அதில் மெல்ல மெல்ல இறங்க, காட்சியின் அடிவானம் அரைமணி நேரத்தில் சாய்ந்துவிடும். ஒவ்வொரு பாதத்துக்கும் கீழே கையகலப் பலகைத் துண்டு ஒன்று போடுவது இதற்கு எளிய மாற்று. ஈரமணலில் காலைத் திருகித் திருகி, இனி இறங்காது என்னும்வரை அழுத்த வேண்டும். அலை வந்து தொடும் இடமாயின், ஒவ்வொரு அலையும் பாதத்தைச் சுற்றியுள்ள மணலைப் பறித்துச் செல்வதால், அங்கே நெடுநேரக் காட்சிக்கு முயல்வதே வீண்.

கேமராவைச் சுற்றித் தொங்குவன எல்லாம் காற்றின் கைப்பிடிகள். கழுத்துப்பட்டை படபடக்கும், அதைக் கழற்றிவிட வேண்டும். கம்பிகளைக் காலோடு சேர்த்துக் கட்டவேண்டும். வெயில் எதிரே இல்லாதபோது லென்ஸின் வெயில்மறைப்பைக் கழற்றிவிடலாம். ஒலிவாங்கியைத் தனித் தாங்கியில் நிறுத்தி அதற்கு மென்மயிர்க் காற்றுறை அணிவிப்பது கேமராவின் பரப்பையும் குறைக்கும். குடையை முக்காலியோடு கட்டுவது கூடவே கூடாது. கேமராவைத் திருப்பவும் சாய்க்கவும் உதவும் தலைப்பகுதியான ஃப்ளூயிட் ஹெட், உள்ளே அடைத்துள்ள பிசுப்பான திரவத்தின் எதிர்ப்பினால் அசைவைச் சீராக்குவது. காற்றுநாளில் அந்த எதிர்ப்பை ஓரிரு படி கூட்டி வைத்தால், காற்றடி வீசும்போது லென்ஸ் எளிதில் திரும்பாது. முழுவதும் பூட்டிவிடுவதைக் காட்டிலும், எதிர்ப்பைக் கூட்டி, இடக்கையை லென்ஸின் மேல், அது தாங்கியோடு இணையும் கழுத்துக்கு நேராகப் பரப்பி மெல்ல அழுத்திக்கொள்வது பல நேரங்களில் நல்ல பலனைத் தரும். தசையும் தோலும் அதிர்வை உள்வாங்கிக்கொள்கின்றன. நொடிக்கு ஐந்தாறு மீட்டருக்கு மேற்பட்ட காற்றில், ‘கேமராவைத் தொடாதே’ என்னும் பாடத்தைவிட இந்தக் கை பயனுள்ளது.

மறைவிடம் அமைப்போர் பெரும்பாலும் தார்ப்பாயை விறைப்பாகக் கட்டுகிறார்கள். காற்று புகாத மறைப்பின் பின்னால் காற்று நின்றுவிடுவதில்லை; மேலாகவும் பக்கமாகவும் வழிந்து, பின்புறத்தில் சுழன்று, முன்னறிய முடியாத திசைகளில் கேமராவை அடிக்கிறது. பாதியளவு இடைவெளியுள்ள தடுப்பு, காற்றில் ஒரு பகுதியைத் தன்னூடே கசியவிடுவதால், பின்னால் சுழிப்பு குறைந்து, வேகம் தணிந்த, ஏறக்குறைய அமைதியான காற்று கிடைக்கிறது. கடலோரக் கிராமங்களில் சவுக்குத் தோப்பு வளர்ப்பதால் கிடைக்கும் காற்றுத்தடுப்பும் இந்த வகையினதே. தென்னங்கீற்றை நெருக்கமில்லாமல் முடைந்த தட்டி ஒன்றைக் காற்றுவரும் பக்கத்தில், முக்காலியிலிருந்து தட்டியின் உயரத்தைப்போல் மூன்று நான்கு மடங்கு தொலைவில் நிறுத்தினால், அது பறவைகளின் கண்ணுக்கும் உறுத்தாது.

எந்த நேரத்தில் போவது என்பதும் ஒரு கருவியே. பகலில் நிலம் சூடேறக் கடற்காற்று முற்பகலில் கிளம்பிப் பிற்பகலில் வலுக்கும். விடியற்காலையில் காற்று பெரும்பாலும் மெல்லியது. களத்தில் காற்றின் வேகத்தை அளக்கக் கருவி தேவையில்லை. பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி பிரான்சிஸ் போஃபர்ட் 1805-இல் வகுத்த, பின்னர் நிலத்துக்கும் விரிவாக்கப்பட்ட அளவுமுறை கண்ணுக்குத் தெரியும் அடையாளங்களையே நம்புகிறது. புழுதியும் காகிதமும் எழும்பினால் மணிக்கு 20 முதல் 28 கிலோமீட்டர். இலையடர்ந்த சிறு மரங்கள் ஆடத் தொடங்கினால் 29 முதல் 38. கம்பிகள் சீழ்க்கையடித்து, குடை பிடிப்பது கடினமானால் 39 முதல் 49. முதல் நிலையில் மேற்சொன்ன ஏற்பாடுகளுடன் 600 மில்லிமீட்டரில் படமெடுக்கலாம். இரண்டாம் நிலையில் குவியத்தொலைவைக் குறைத்து, கூட்டமாக நிற்கும் பறவைகளை எடுப்பது அறிவுடைமை. மூன்றாம் நிலையில் முக்காலியை மடக்கிவிட்டு, அரிசியோ பயறோ நிரப்பிய துணிப்பையின்மேல் லென்ஸைக் கிடத்தித் தரையோடு தரையாக எடுக்கவேண்டும்.

பதிவு அமைப்புகளில் ஒரு வழக்கத்தை மறுபரிசீலனை செய்வது நலம். நொடிக்கு 25 சட்டங்கள் எடுக்கும்போது ஷட்டரை 1/50 நொடியில் வைக்கவேண்டும் என்பது திரைப்பட அழகுக்காகப் பின்பற்றப்படும் நெறி. கால்வளையத்தைப் படிக்கும் நோக்கத்துக்கு அது பகை. 1/50 நொடியில் நடுக்கம் ஒவ்வொரு சட்டத்துக்குள்ளும் மங்கலாகப் படிந்துவிடும். படத்தொகுப்பில் எந்த மென்பொருளாலும் காட்சியின் அசைவைச் சமன்செய்ய முடியுமே தவிர, சட்டத்துக்குள் படிந்த மங்கலை முழுமையாக அழிக்க முடியாது. 1/500 நொடியில் ஓட்டம் சற்றே வெட்டுவெட்டாகத் தெரிந்தாலும், நிறுத்திப் பார்க்கும்போது ஏதேனும் ஒரு சட்டத்தில் எழுத்து தெளிவாகக் கிடைக்கும். லென்ஸின் அசைவுக்கட்டுப்பாட்டு வசதி, முக்காலியின்மேல் சில கருவிகளில் தானே ஒரு மிதப்பை உண்டாக்குவதும், காற்றில் சிலவற்றில் உதவுவதும் உண்டு. ஒவ்வொருவரும் தத்தம் கருவியில் இரண்டு விதமாகவும் சில நொடிகள் எடுத்துப் பார்த்தே முடிவுசெய்ய வேண்டும்.

வேலை முடிந்து திரும்பும்போது, மூட்டைகளையும் கயிற்றையும் அவிழ்ப்பதற்கு முன் கேமராவைக் கழற்றிப் பையில் வைத்துவிடவேண்டும். கட்டு அவிழ்ந்த நொடியில் வீசும் காற்றடிக்கு முக்காலி பொறுக்காது. வீட்டுக்கு வந்ததும், கால்களின் பூட்டுகளைக் கழற்றி நன்னீரில் கழுவி, மணலும் உப்பும் போனபின் நிழலில் விரித்து உலர்த்தவேண்டும். உப்பு உறைந்த பூட்டு இறுக்கமாக இருப்பதுபோல் தோன்றினாலும், அடுத்த முறை பாரம் ஏறும்போது மயிரிழை மயிரிழையாக நழுவும். ஃப்ளூயிட் ஹெட்டை மட்டும் தண்ணீரில் நனைக்காமல், ஈரத்துணியால் துடைத்தால் போதும்.